சாவி வாங்கும் முன் காலி செய்யும் நாளை எழுதுங்கள்

எங்கள் பஜார் தெருவில் பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு கடை இருக்கிறது. 1990களில் அது எஸ்.டி.டி. பூத். பிறகு கண்ணாடித் தடுப்புகளைப் பிரித்துப்போட்டுவிட்டு பிரவுசிங் சென்டர் ஆனது. அதற்கப்புறம் செல்போன் ரீசார்ஜ், கடைசியாக கேக் கடை. இப்போது பூட்டிக் கிடக்கிறது. ஷட்டரை இறக்கிவிட்டால் பழைய பெயர்கள் ஒன்றின்மேல் ஒன்றாக மங்கலாகத் தெரியும்.

பூத்தும் பிரவுசிங்கும் காலம் மாறியதால் போனவை, யாரையும் குற்றம் சொல்ல முடியாது. கேக் கடை கதை வேறு. சாயந்திரம் அங்கே நிற்க இடம் இருக்காது. பதினோரு மாத அக்ரிமென்ட் முடிந்த மறுவாரமே வாடகையை ஒன்றரை மடங்காகக் கேட்டார் ஓனர். அந்தத் தம்பி ஓவனை வண்டியில் ஏற்றிய அன்றும் இரண்டு பேர் பிறந்தநாள் கேக் ஆர்டர் கொடுக்க வந்து நின்றார்கள்.

வாடகையில் ஆயிரம் ரூபாய் குறைக்க இரண்டு வாரம் பேரம் பேசுகிறோம். எத்தனை வருஷம், எவ்வளவு ஏற்றம், எப்படி வெளியேறுவது என்ற மூன்று வரிகளைப் படிக்காமலே கையெழுத்துப் போடுகிறோம். கடை பறிபோவது பெரும்பாலும் அந்த மூன்று வரிகளில்தான். தமிழ்நாட்டின் நகரங்களில் முதல் கடை எடுக்கிறவருக்காக இந்த அத்தியாயம். உதாரணங்கள் சென்னையிலிருந்து வருகின்றன, எனக்குத் தெரிந்த ஊர் அதுதான்.

முதலில் தெருவைப் பாருங்கள்

புரோக்கர் கடையைக் காட்டுவார், தெருவைக் காட்ட மாட்டார். அது உங்கள் வேலை.

1. மூன்று நாள் போய் நில்லுங்கள்: ஒரு சாதாரண நாள், ஒரு ஞாயிறு, சம்பள வாரத்தில் ஒரு நாள். காலை ஏழிலிருந்து ஒன்பது, மாலை ஆறிலிருந்து ஒன்பது. எதிரே உள்ள டீக்கடை பெஞ்சு போதும்.

2. எத்தனை பேர் போகிறார்கள் என்பதை விட எந்தப் பக்கமாகப் போகிறார்கள் என்று கவனியுங்கள். காலையில் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர் இட்லி மாவு வாங்க மாட்டார். மாலையில் வீடு திரும்புகிறவர்தான் வாங்குவார். வீடு திரும்பும் பக்கத்தில் இருக்கும் சின்னக் கடை, எதிர்ப்பக்கத்துப் பெரிய கடையை விட நன்றாக ஓடுவதை நீங்களே பார்க்கலாம்.

3. ரோட்டிலிருந்து கடைக்குள் ஏறுகிறீர்களா, இறங்குகிறீர்களா? சென்னையில் பல தெருக்களில் பழைய ரோட்டின் மேலேயே புது ரோடு போட்டுப் போட்டு, ஒரு காலத்தில் இரண்டு படி ஏறிய கடைகளுக்கு இப்போது ஒரு படி இறங்க வேண்டியிருக்கிறது. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தண்ணீர் எதுவரை வந்தது என்று பக்கத்துக் கடைக்காரரிடம் கேளுங்கள். சுவரில் கையை வைத்துக் காட்டுவார். சரக்கின் கீழ்த்தட்டு அந்தக் கைக்கு மேலே இருக்க வேண்டும்.

4. முன்னால் இருந்தவர் ஏன் போனார்? ஓனரையோ புரோக்கரையோ கேட்காதீர்கள். எதிர்க்கடை, அயர்ன் கடை, பூக்கார அம்மா, இந்த மூவரில் ஒருவருக்கு உண்மை தெரியும்.

5. ரோட்டில் என்ன வேலை வரப்போகிறது என்று விசாரியுங்கள். ஆற்காடு சாலையிலும் மயிலாப்பூர் லஸ் பகுதியிலும் மெட்ரோ இரண்டாம் கட்டப் பணிக்குத் தடுப்பு வைத்தபின் என்ன ஆனது என்று அங்கே கடை வைத்திருப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள். வாடிக்கையாளர் கோபித்துக்கொண்டு போகவில்லை. வண்டி நிறுத்த இடமில்லாததால் வேறு தெருவுக்குப் போனார், போனவர் அங்கேயே பழகிவிட்டார்.

குறிப்பு: ஒரே கடையில் மூன்று வருஷத்துக்குள் மூன்று தொழில் மாறியிருந்தால், வாஸ்து பார்க்கும் முன் ஓனரைப் பற்றி விசாரியுங்கள்.

ஓனர் யார்?

கேட்கச் சங்கடமான கேள்விதான். நான் கேட்கவில்லை, அதற்கு விலையும் கொடுத்தேன். என் முதல் கடைக்கு அட்வான்ஸ் வாங்கியவர் வீட்டில் மூத்த மகன். மரியாதையானவர், ஒவ்வொரு மாதமும் ரசீது கொடுத்தார். எட்டாவது மாதம் அவருடைய தம்பி வந்தார். “எங்க அப்பா சொத்து சார், எனக்கும் பங்கு இருக்கு. நான் எங்கேயும் கையெழுத்துப் போடலையே?” இரண்டு பேருக்கும் நடந்த வழக்கில் எனக்குச் சம்பந்தமே இல்லை. ஆனால் கடை என்னுடையது, காலி செய்தவன் நான். அட்வான்ஸில் பாதிதான் திரும்பி வந்தது.

எனவே கையெழுத்துக்கு முன் இவற்றைக் கேட்டு வாங்குங்கள்:

1. சொத்து வரி ரசீது, கடைசி அரையாண்டுக்கு. அதில் யார் பெயர் இருக்கிறது, கட்டடம் குடியிருப்பா, குடியிருப்பு அல்லாததா என்று பாருங்கள்.

2. வில்லங்கச் சான்றிதழ். பதிவுத் துறையின் இணையதளத்தில் நீங்களே எடுக்கலாம். பதிவு செய்த அடமானமோ பாகப்பிரிவினையோ இருந்தால் அதில் தெரிந்துவிடும்.

3. பெரியவர் இறந்திருந்தால் வாரிசுச் சான்றிதழ். அதிலுள்ள எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும், அல்லது ஒருவருக்குப் பதிவு செய்த பவர் இருக்க வேண்டும். “அண்ணன் சொன்னா நாங்க கேட்டுக்குவோம்” என்பது ஆவணம் ஆகாது.

4. மின் இணைப்பு எண். அதைப் போட்டால் பாக்கி இருக்கிறதா என்று மின்வாரிய இணையதளம் காட்டிவிடும்.

மயிலாப்பூர் மாடவீதி போன்ற கோயில் வீதிகளில் கடை பார்க்கிறீர்கள் என்றால் கூடுதலாக ஒரு கேள்வி: மனை கோயிலுடையதா? அப்படியென்றால் அது 1959ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டத்துக்குக் கீழ் வருகிறது. வாடகை நிர்ணயம் வேறு விதம், ஐந்து வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகைக்கு ஆணையர் அனுமதி வேண்டும். அங்கே உட்கார்ந்திருப்பவர் வாடகைதாரர் மட்டுமே. அவரிடம் பணம் கொடுத்து உள்ளே போனால் கோயில் கணக்கில் நீங்கள் யாரும் இல்லை. மாநகராட்சி, நகராட்சி வணிக வளாகக் கடைகளும் இப்படித்தான். ஏலத்தில் எடுத்தவர் ஒருவர், உள்ளே வியாபாரம் செய்பவர் வேறொருவர் என்று இருப்பது சகஜம். சகஜம் என்பதாலேயே சரியாகிவிடாது.

உண்மையான வாடகை எவ்வளவு?

ஒரு தாளை எடுங்கள். வாடகை 18,000 என்று வைத்துக்கொள்வோம். ரேக், பரண், லைட், பெயர்ப் பலகை, தரை எல்லாம் சேர்த்து உள்வேலை 2,52,000. இது போகும்போது கூட வராத பணம். மூன்று வருஷம் இருந்தால் 36 மாதத்தில் வகுக்க வேண்டும்: மாதம் 7,000. அப்படியானால் உங்கள் வாடகை 18,000 அல்ல, 25,000. பதினோரு மாதத்தில் வெளியேற்றப்பட்டால் அதே பணம் மாதம் ஏறக்குறைய 22,900. அப்போது நீங்கள் கொடுத்தது 40,900 வாடகை. கேக் கடைத் தம்பிக்கு நேர்ந்தது இந்தக் கணக்குத்தான்.

இதிலிருந்து ஒரு விதி: உள்வேலைக்கு எவ்வளவு செலவு செய்கிறீர்களோ அதற்கேற்ற காலத்தை எழுத்தில் வாங்குங்கள். காலம் கிடைக்கவில்லையென்றால் கழற்றி எடுத்துப் போகக்கூடிய ரேக்குகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். டைல்ஸ் ஒட்டாதீர்கள்.

ஜி.எஸ்.டி. பற்றி இரண்டு வரி. கடை வாடகைக்கு 18%. நீங்கள் ஜி.எஸ்.டி. பதிவு பெற்றவர், ஓனர் பெறாதவர் என்றால், 2024 அக்டோபர் 10 முதல் அந்த வரியை நீங்களே கட்ட வேண்டும். உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம், ஆனால் முதலில் கையிலிருந்து போகும். காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு இதிலிருந்து விலக்கு உண்டு. உங்கள் ஆடிட்டரிடம் கடை பிடிக்கும் முன்பே பேசிவிடுங்கள்.

பத்திரத்தில் எழுத வேண்டியவை

டைப்பிங் சென்டரில் ஒரு மாதிரி அக்ரிமென்ட் வைத்திருப்பார்கள். பெயரை மட்டும் மாற்றித் தருவார்கள். அது ஓனருக்காக எழுதப்பட்டது. மரியாதையாக வாங்கி மடித்து வைத்துக்கொண்டு, இந்த வரிகளை உங்கள் கைப்பட ஒரு தாளில் எழுதி ஓனரிடம் பேசுங்கள். பேசும் வரிசையும் முக்கியம். கடைசியில் இருப்பதிலிருந்து ஆரம்பியுங்கள். புதிதாகப் பழகும்போதுதான் பிரிவைப் பற்றிச் சிரித்துக்கொண்டே பேச முடியும்.

1. காலம். குறைந்தது மூன்று வருஷம். இரு தரப்பும் வெளியேற முடியாத லாக்-இன் எவ்வளவு என்று தனியாக எழுதுங்கள். உங்களுக்கு ஆறு மாதம், ஓனருக்கு மூன்று வருஷம் என்று கேட்டுப் பாருங்கள். கிடைக்காது, ஆனால் பேரம் அங்கிருந்து தொடங்கும்.

2. ஏற்றம். “காலத்துக்கேற்ப உயர்த்தப்படும்” என்ற வரி இருந்தால் அடித்துவிடுங்கள். வருஷத்துக்கு 5% என்பது போல எண்ணாக இருக்கட்டும். 18,000 அடுத்த வருஷம் 18,900, அதற்கடுத்த வருஷம் 19,845 என்று ரூபாயிலேயே எழுதிவிட்டால் இன்னும் நல்லது. சதவீதத்தில் சண்டை வரும், ரூபாயில் வராது.

3. என்ன தொழில். “வணிகப் பயன்பாடு” என்று பொதுவாக எழுதச் சொல்லுங்கள். “மொபைல் ரீசார்ஜ் கடை நடத்த” என்று எழுதிக்கொடுத்தவர் டீத்தூள் விற்க ஓனரிடம் அனுமதி கேட்டு நிற்க வேண்டும். தெரு மாறும்போது உங்கள் சரக்கும் மாற வேண்டியிருக்கும்.

4. முகப்பு. ஷட்டருக்கு மேல் பலகை வைக்கும் இடம், கடைக்கு முன் நான்கடி, மாடிப்படிக்குக் கீழ் வண்டி நிறுத்துமிடம் யாருக்கு? பலகையில் தமிழ் முதலில், பெரிதாக வர வேண்டும் என்பது தமிழ்நாட்டுக் கடைகள் சட்ட விதி. தமிழ், ஆங்கிலம், பிற மொழி 5:3:2 என்ற அளவில் இருக்க வேண்டும். பலகை செய்பவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

5. ரோடு அடைபட்டால். மெட்ரோ, வடிகால், பாலம் என்று அரசு வேலையால் கடைக்கு முன் தடுப்பு வைத்தால், எடுக்கும் வரை வாடகை இத்தனை சதவீதம் குறையும், அல்லது லாக்-இன் பார்க்காமல் வெளியேறலாம். இந்த வரியைக் கேட்டால் ஓனர்கள் சிரிப்பார்கள். ஆற்காடு சாலையில் யாரும் சிரிப்பதில்லை.

6. பழுது. கூரை ஒழுகல், சுவர், வெளி வயரிங் ஓனருடையது. ஷட்டர் கிரீஸ், உள் விளக்கு உங்களுடையது. இதை எழுதாவிட்டால் முதல் மழையிலேயே மனஸ்தாபம்.

7. அட்வான்ஸ். தமிழ்நாட்டுச் சட்டம் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது, ஆனால் “வேறு ஒப்பந்தம் இல்லாதபோது” என்ற விலக்கோடு. அந்த விலக்கின் வழியாகத்தான் சென்னையின் பத்து மாத வழக்கம் இன்னும் நடமாடுகிறது. குறைக்கப் பேசுங்கள். கொடுப்பது எவ்வளவோ அதை வங்கி மூலம் கொடுங்கள். காலி செய்தபின் ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும் என்பது சட்டம்; “சாவி கொடுக்கும் அன்றே” என்று எழுதி வாங்குங்கள். “புது ஆள் வந்ததும் தர்றேன்” என்ற வாக்கியம் பத்திரத்தில் எங்கும் இருக்கக் கூடாது.

8. வெளியேறுதல். எத்தனை மாத நோட்டீஸ், எழுத்தில் எப்படிக் கொடுப்பது, எவற்றைக் கழற்றிக்கொண்டு போகலாம். ஏ.சி., ரேக், பலகை, இன்வெர்ட்டர் என்று பெயர் சொல்லிப் பட்டியலிடுங்கள்.

பதிவு: பதினோரு மாதக் கட்டுக்கதை

“பதினோரு மாசம் போட்டா ரிஜிஸ்டர் வேண்டாம் சார்.” இதைச் சொல்லாத புரோக்கரை நான் பார்த்ததில்லை. ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும் என்ற பழைய சட்டத்திலிருந்து பிறந்த வழக்கம் இது. 2019 பிப்ரவரி 22 அன்று நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டம் (2017ஆம் ஆண்டுச் சட்டம்) நிலைமையை மாற்றிவிட்டது. காலம் எவ்வளவாக இருந்தாலும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். கடைகளுக்கும் இது பொருந்தும்.

வரிசை இப்படி:

1. பத்திரம் எழுதி, இரு தரப்பும் இரண்டு சாட்சிகளும் கையெழுத்து.
2. ஒரு வருஷத்துக்கு மேல் என்றால் சார்பதிவாளரிடம் பதிவு. முத்திரைத் தீர்வை, கட்டணம் எவ்வளவு என்று அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். அதில் யார் எவ்வளவு என்பதை முன்பே பேசிவிடுங்கள்.
3. அரசின் வாடகை இணையதளத்தில் விண்ணப்பித்து வாடகைப் பதிவு எண் வாங்குதல். ஓனர் செய்வார் என்று காத்திருக்காதீர்கள், நீங்களும் விண்ணப்பிக்கலாம்.

பதிவு எண் இருந்தால் என்ன லாபம்? ஓனர் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் போகலாம். வாடகையை வாங்க மறுத்து, பிறகு “பாக்கி வைத்தான்” என்று சொல்வது பழைய தந்திரம். மணியார்டரிலோ வங்கியிலோ அனுப்பிச் சான்று வைத்துக்கொண்டு, அதற்கும் மசியாவிட்டால் அதிகாரியிடமே கட்டலாம். பதிவு இல்லாத தாளோடு போனால் முதல் கேள்வியிலேயே நிற்பீர்கள்.

பொதுத் தவறு: கடையில் பாதியை ஜூஸ்காரருக்கோ பூக்காரருக்கோ உள்வாடகைக்கு விடுவது. ஓனரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் செய்தால் உங்களை வெளியேற்ற அதுவே காரணமாகிவிடும். “அவருக்குத் தெரியும்” என்பது சம்மதம் அல்ல.

கரண்டும் நெருப்பும்

வீடாக இருந்து கடையான கட்டடங்களில் மீட்டர் இன்னும் வீட்டு இணைப்பாகவே இருக்கும். பில் குறைவாக வருவதைப் பார்த்து மகிழாதீர்கள். வீட்டு இணைப்பில் வியாபாரம் நடந்தால் 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம் இரு மடங்குக் கட்டணம் போட இடம் தருகிறது, ஆய்வுக்கு வரும்போது கடையில் இருப்பது நீங்கள்தான். வணிக இணைப்பாக மாற்றுவதும், உங்கள் ஃப்ரீசருக்கும் ஏ.சி.க்கும் தேவையான அளவுக்கு லோடு வாங்குவதும் சாவி வாங்கும் முன் ஓனர் முடிக்க வேண்டிய வேலை.

பிறகு ஒரு எலெக்ட்ரீஷியனை அரை நாள் கூட்டிக்கொண்டு போங்கள். எர்த் இருக்கிறதா, கசிவு வந்தால் தானாக அணையும் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா, மீட்டர் பெட்டிக்கு மேல் பரணில் அட்டைப் பெட்டி அடுக்கியிருக்கிறதா என்று பாருங்கள். கடைசியில் சொன்னதுதான் நான் அதிகம் பார்த்த ஆபத்து.

பஜார் கடைகளுக்குப் பெரும்பாலும் ஒரே வாசல், அதுவும் ஷட்டர். ஆகவே:

1. இரவில் யாரையும் உள்ளே படுக்கவைத்து வெளியே பூட்டாதீர்கள். ஊரிலிருந்து வந்த பையனுக்குத் தங்க இடமில்லை என்றாலும்.
2. அடுப்பை வாசல் பக்கம் வைக்காதீர்கள். தீப் பிடித்தால் நீங்கள் உள்ளே மாட்டிக்கொள்வீர்கள்.
3. சமையல் உண்டென்றால் 19 கிலோ வணிக சிலிண்டர் மட்டும். வீட்டுச் சிலிண்டரைக் கடையில் வைப்பது சட்டப்படியும் தப்பு.
4. தீயணைப்பான் கல்லாவுக்குப் பக்கத்தில், கை எட்டும் உயரத்தில். பரணில் அல்ல.
5. ஷட்டர் ஒருபுறம் சாய்ந்து ஏறினால், பாதியில் நின்றால், அன்றே ஆளைக் கூப்பிடுங்கள். ஸ்பிரிங் போன ஷட்டர் தலையில் விழும்.

உணவுப் பாதுகாப்புப் பதிவு, மாநகராட்சித் தொழில் உரிமம் ஆகியவற்றை அடுத்த அத்தியாயத்தில் பார்ப்போம். இரண்டுக்கும் இந்த வாடகைப் பத்திரம்தான் முகவரிச் சான்று.

ஓடும் கடையை எடுத்தால்

“கடை ரன்னிங்ல இருக்கு, குட்வில் நாலு லட்சம்” என்று விளம்பரம் வரும். குட்வில்லைக் கேட்பவர் பழைய வாடகைதாரர், இடம் ஓனருடையது. பழையவருக்கு ஒரு ரூபாய் கொடுக்கும் முன் ஓனரோடு உங்கள் பெயரில் புதுப் பத்திரம் கையெழுத்தாக வேண்டும். மூவரும் ஒரே மேஜையில், ஒரே நாளில். பழையவரின் அட்வான்ஸை ஓனர் அவருக்குத் திருப்பித் தரட்டும், உங்களுடையதை நீங்கள் ஓனருக்குக் கொடுங்கள். “அவர் அட்வான்ஸை உங்க பேருக்கு மாத்திக்கிறோம்” என்பதற்குத் தலையாட்டினால், நாளைக்கு அந்தப் பணத்தை இருவர் கேட்பார்கள். கரண்ட் பாக்கி, சரக்குக் கடன், பையன்களின் சம்பள பாக்கி ஒவ்வொன்றையும் எழுதி வாங்குங்கள். பால் போடுகிறவர் மாதக் கடைசியில் வந்து நிற்பது உங்களிடம்தான்.

சாவி கொடுக்கும் நாள்

1. நோட்டீஸை ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள், வாட்ஸ்அப்பிலும் ஒரு நகல். வாய்ச்சொல் கணக்கில் வராது.
2. குடிவந்த அன்று எடுத்த போட்டோக்களை எடுத்துவையுங்கள். (எடுத்தீர்கள்தானே? சுவர், தரை, ஷட்டர், மீட்டர், நான்கும்.) அதே கோணத்தில் இன்றும் எடுங்கள்.
3. மீட்டர் ரீடிங்கை ஓனர் முன்னால் குறித்து, அதுவரைக்குமான தொகையைக் கட்டுங்கள்.
4. பட்டியலில் உள்ள பொருள்களை மட்டும் கழற்றுங்கள். ஆணி ஓட்டைகளைப் பூசிவிடுங்கள், ஐந்நூறு ரூபாய் பட்டியில் ஐயாயிரம் ரூபாய் வாக்குவாதம் மிச்சம்.
5. உங்கள் உணவு உரிமம், ஜி.எஸ்.டி., கியூ.ஆர். கோடு எல்லாவற்றிலும் முகவரியை மாற்றுங்கள்.
6. ஒரு கையில் சாவி, மறு கையில் அட்வான்ஸ். “பெற்றுக்கொண்டேன், பாக்கி இல்லை” என்று இருவரும் எழுதிக் கையெழுத்து.

இன்னும் ஒன்று, இதை யாரும் எழுதிக்கொள்வதில்லை. ஷட்டரில் “கடை இடம் மாறிவிட்டது” என்று புது முகவரியும் போன் நம்பரும் எழுதினால், ஓனர் மறுவாரமே அதன்மேல் பெயின்ட் அடித்துவிடுவார். அறுபது நாள் அந்த எழுத்து இருக்க வேண்டும், அதற்குள் புது ஆள் வந்துவிட்டால் பக்கச் சுவரில் ஒன்றரை அடிப் பலகைக்கு இடம் தர வேண்டும் என்று முதல் நாளே பத்திரத்தில் சேர்த்துவிடுங்கள். எட்டாவது வரிக்குக் கீழே ஒன்பதாவதாக.